ஒரே பக்கம் தப்பும் பந்து

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்ததற்கு வாழ்த்துகள். மருமகளும் குழந்தையும் நலம் என்று படித்ததும் மனம் நிறைந்தது. ஆனால் அதே கடிதத்தின் கடைசிப் பத்தியில், புதுக் கண்ணாடி சரிப்படவில்லை, அதனால் பூல் பில்லியர்ட்ஸ் ஆட்டத்தையே நிறுத்தப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் வந்த கோபம் இன்னும் தணியவில்லை. கல்லூரி நாளில் தொடங்கிய பழக்கத்தைக் கண்ணாடிக்காக விடுவார்களா?

முதலில் கண்ணாடியைப் பற்றி. பந்தை அடிக்கும் கோலான க்யூவை மோவாய் தொடுகிற அளவுக்குக் குனியும்போது, நம் பார்வை லென்ஸின் நடுவில் போவதில்லை, மேல் விளிம்பில்தான் போகிறது. அங்கே சட்டம் குறுக்கிடும். இல்லையென்றால் உருவம் சற்று வளைந்து தெரியும். ஸ்னூக்கர் வீரர் டென்னிஸ் டெய்லரை நினைவிருக்கிறதா? தலைகீழாக மாட்டியதுபோல் புருவத்துக்கு மேலே ஏறி நிற்கும் பெரிய கண்ணாடி! அதைப் போட்டுக்கொண்டுதான் 1985 உலக சாம்பியன்ஷிப் இறுதியில் ஸ்டீவ் டேவிஸிடம் 0–8 எனப் பின்தங்கியவர், கடைசிக் கறுப்புப் பந்தில் 18–17 என்று வென்றார். குனிந்து பார்ப்பதற்கென்றே, லென்ஸ் உயரமாக அமைந்த, ஒரே பவர் கொண்ட கண்ணாடி ஒன்று தனியாகச் செய்துகொள். அழகைப் பற்றிக் கவலைப்படும் வயதை நாம் தாண்டிவிட்டோம்.

அடுத்தது, நீ போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரி. மெதுவாக வெட்டி அடிக்கும், அதாவது ஓரத்தில் மோதித் திசை திருப்பும், பந்துகள் எப்போதும் ஒரே பக்கம் தப்புகின்றன, போதுமான அளவு வெட்டாததுபோல் போய்விடுகின்றன என்கிறாய். எனக்குச் சந்தேகம் வந்தது இங்கேதான். பார்வைதான் காரணம் என்றால் பந்து இந்தப் பக்கமும் தப்பும், அந்தப் பக்கமும் தப்பும். ஒரே பக்கமாகத் தப்பினால் அது உராய்வின் வேலை. நாம் க்யூவால் அடிக்கும் வெள்ளைப் பந்து பக்கவாட்டில் உரசும்போது, அடிபடும் பந்தைத் தான் போகும் திசையில் சற்று இழுத்துவிடுகிறது. மெதுவாக அடித்தால் இழுப்பு அதிகம், வேகமாக அடித்தால் குறைவு. பந்தில் அழுக்கும், க்யூ முனையில் தேய்க்கும் சாக் தூளும் ஒட்டியிருந்தால் இன்னும் மோசம். நீ ஆடும் இடத்தில் பந்துகளைக் கடைசியாக எப்போது துடைத்தார்கள் என்று கேட்டுப் பார். துடைத்த பிறகும் தப்பினால், பந்தின் ஓரத்தை இன்னும் கொஞ்சம் மெல்லியதாகத் தொடும்படி குறிவை. அல்லது வெள்ளைப் பந்துக்கு, வெட்டுக்கு வெளிப்பக்கமாகச் சிறிது சுழல் கொடு. பந்துகளின் மோதலைக் கணக்காக எழுதி 1835-லேயே ஒரு நூல் வெளியிட்டிருக்கிறார் கொரியோலிஸ். சூறாவளியைப் பற்றிப் பேசும்போது பெயர் அடிபடுமே, அதே மனிதர்தான். அவ்வளவு பெரிய மூளையையே இழுத்த விளையாட்டு இது. நீ மூக்குக் கண்ணாடியைப் பழித்துவிட்டு எழுந்து போகப் பார்க்கிறாய்!

என் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. முழங்கால் வலி வருகிறது, போகிறது. ஓய்வு பெற்றதிலிருந்து காலையில் கிளப் திறந்ததும் போய்விடுகிறேன். ஆள் இல்லாமல் தனியாக என்ன ஆட்டம் என்று நீ கேலி செய்வாய். உண்மையைச் சொன்னால், இப்போதெல்லாம் போட்டியைவிடப் பயிற்சிதான் எனக்குப் பிடித்திருக்கிறது. நேர்க்கோட்டில் ஒரு பந்தை வைத்து, அதில் மோதிய இடத்திலேயே வெள்ளை நிற்க வேண்டும் என்று ஆடுகிறேன். மோதும் கணத்தில் வெள்ளை உருளாமல், வழுக்கிக்கொண்டு மட்டும் போயிருந்தால் அங்கேயே நின்றுவிடும். தூரத்தைக் கூட்டினால், வெள்ளையின் கீழ்ப்பகுதியில் அடித்துக் கொடுத்த பின்சுழலை வழியிலேயே மேஜைத் துணி தின்றுவிடுகிறது. வெள்ளை விரலளவு முன்னே நகர்ந்துவிடும். அந்த விரலளவைப் பார்த்தே இன்னும் எவ்வளவு கீழே அடிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். எதிராளி எவரும் இவ்வளவு நேர்மையாகச் சொல்லித் தரமாட்டார்.

பக்கத்து மேஜை இளைஞர்கள் மேஜை அதிர அடிக்கிறார்கள். பந்து விழுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அடுத்த பந்துக்கு வெள்ளை எங்கே நிற்கும் என்ற கவலையே கிடையாது. பூல் வீரர் வில்லி மோஸ்கோனி 1954-இல் ஒன்றுகூடத் தவறாமல் தொடர்ச்சியாக 526 பந்துகளைப் பையில் போட்டாரே, அதில் என்னை வியக்கவைப்பது எண்ணிக்கை அல்ல. ஒவ்வொரு பந்தையும் எளிதான பந்தாக ஆக்கிக்கொண்டார் பார், அதுதான். அவரை முந்த 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜான் ஷ்மிட் 626 போட்டார். பிறகு ஜேசன் ஷா 2022-இல் 714. எனக்கு, முக்கோணமாக அடுக்கிவைத்த பந்துகள் ஒரு தடவை முழுதாகக் காலியானாலே அன்று முழுதும் வீட்டில் நல்ல பிள்ளையாக இருக்கிறேன்.

அடுத்த மாதம் அங்கே வருகிறேன். அதற்குள் கண்ணாடியைச் செய்துவிடு. எந்தப் பந்து, எந்தப் பை என்று சொல்லி அடிக்கும் பழைய ஆட்டத்தையே ஆடுவோம். ஒன்பதாம் பந்தைப் போட்டவர் வெல்லும் நைன் பால் வேண்டவே வேண்டாம். எங்கோ குறிவைத்து அடித்து, ஒன்பதாம் பந்து வேறெங்கோ போய் விழ, நீ அதைத் திட்டமிட்டே அடித்ததுபோல் க்யூவுக்குச் சாக் தேய்த்துக்கொண்டு நிற்பதை இனியும் பொறுத்துக்கொள்ள என்னால் முடியாது.

அன்புடன்,
முரளி