கறுப்புக் கண்ணாடி

தம்பிக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். செவலை கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. நீ அனுப்பிய நாலு போட்டோவும் பார்த்தோம். நாலிலும் கறுப்புக் கண்ணாடி. காஷ்மீர்ப் பனியில் வெயில் கூசும், அதனால்தான் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு போட்டோ ராத்திரியில், நீங்கள் தங்கும் பாரக்குக்குள் எடுத்தது.

மூன்று வாரமாக வீடியோவில் வராமல் குரலில் மட்டும் பேசுகிறாய். டவர் இல்லை என்கிறாய். சரி.

ரோந்து போகும்போது காகிள்ஸைப் போட்டுக்கொள். வேர்க்கிறது, ஆவி படிகிறது என்று ஹெல்மெட்டுக்கு மேலே ஏற்றி விடாதே. உடம்பின் பரப்பில் கண் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் 1991 வளைகுடாப் போரில் அமெரிக்க வீரர்களுக்குப் பட்ட காயங்களில் நூற்றுக்குச் சுமார் 13 கண்காயம் என்று எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஒருமுறை சொன்னார். வெடியில் தெறிக்கும் பொடிக்கல் கையில் பட்டால் கீறலோடு போகும், கண்ணில் அதுவே போதும். ஏதாவது பட்டால் தேய்க்காதே. அழுத்திக் கட்டாதே. குத்தி நிற்பதைப் பிடுங்காதே. கண்ணில் படாத மாதிரி மேலே ஒரு மூடி வைத்துக் கட்டிக்கொண்டு உடனே எம்.ஐ. ரூமுக்கு, அந்த வைத்திய அறைக்குப் போ. வலி இல்லை என்றாலும் போ. தேய்க்க மட்டும் தேய்க்காதே.

பயிற்சியிலேயே இதெல்லாம் சொல்லியிருப்பார்கள். வெலிங்டனில் உறுதிமொழி எடுக்கும் கசம் பரேடுக்கு நீ நடந்து வந்தபோது அத்தனை பேரில் உன்னைத்தான் இந்த ஒற்றைக் கண் தேடிப் பிடித்தது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை இன்னும் குறையவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு வீட்டில் மறைக்க யார் சொல்லிக் கொடுத்தது?

நான்தான்.

என் இடது கண் அமைதிப்படையில் யாழ்ப்பாணம் போனபோது கண்ணிவெடியில் போனது என்று ஊருக்கே தெரியும். நீயும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்வாய். நடந்தது அது இல்லை, தம்பி. 1987 அக்டோபரில் அந்த வெடி வெடித்தபோது கண்ணில் சுருக்கென்றது, கொஞ்சம் நீர் வடிந்தது. மறுநாள் பார்வை நன்றாகவே இருந்தது. மெடிக்கல் கேட்டகரி என்ற உடல்தகுதித் தரம் இறங்கினால் நாயக் புரமோஷன் கைவிட்டுப் போகும் என்று பயந்து யாரிடமும் வாய் திறக்கவில்லை. சில மாதம் கழித்து இரவுக் காவலில் வலது கண்ணை மூடிப் பார்த்தேன். எதிரே நின்ற தென்னை தெரியவில்லை. காலையில் சவரம் செய்யும்போது பார்க்கிறேன், இடது கருவிழி மட்டும் துரு நிறம். எள்ளளவு இரும்புத் துணுக்கு உள்ளேயே தங்கித் துருப்பிடித்து விழித்திரையைக் கெடுத்துவிட்டது. எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. "உடனே வந்திருந்தால் எடுத்துப் பார்த்திருக்கலாமே" என்றார் டாக்டர்.

இதை அம்மாவிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

புதன்கிழமை சாயங்காலம் அம்மா கோயிலுக்குப் போவாள். ஆறு மணிக்கு வீடியோவில் கூப்பிடு. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசு.

அப்பா