மனௌஸிலிருந்து: விசிறி மரியா

மனௌஸ், பிரேசில்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. கட்டுப் பிரித்ததும் தோட்டத்துக் கொண்டலாத்தியைப் பார்த்ததாக எழுதியிருந்தாயே, அந்த வரியை மகளுக்கும் வாசித்துக் காட்டினேன்.

பேரன் குப்புற விழ ஆரம்பித்துவிட்டான். மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் ஓயாத வேலை. சரி, உனக்கு எழுத வந்தது ஒரு பறவையைப் பற்றி.

பக்கத்து வீட்டு அம்மா பறவைகளைப் பிடித்து, அடையாளத்துக்குக் கால்வளையம் போட்டு விடுபவர். நகருக்கு வடக்கே ஒரு காட்டுக்கு என்னையும் கூட்டிப்போனார். விடியும் முன்பே மரங்களுக்கு நடுவில் மெல்லிய வலைகளைக் கட்டிவிட்டார்கள். ஏழு மணிவாக்கில் ஒன்று சிக்கியது. ஒரு சாண் கூட இருக்காது. பழுப்பு நிறம், தட்டையான அகன்ற அலகு, அலகைச் சுற்றி விறைப்பான முடிகள். கொண்டை பின்னால் படிந்து தலை சுத்தியல் மாதிரி இருந்தது. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று நினைத்தேன்.

அவர் கையில் எடுத்ததும் அந்தக் கொண்டை விரிந்தது செல்வம்! கொண்டலாத்திக்கு முன்பின்னாக விரியும். இதற்குக் காதுக்குக் காது குறுக்கே, முழு விசிறி. குங்குமச் சிவப்பு, நடுநடுவே கறுப்புப் புள்ளி, ஒவ்வொரு இறகின் நுனியிலும் நாவல்பழ நீலம். ஆண் அது, பெண்ணுக்குச் சிவப்புக்குப் பதில் மஞ்சள் கலந்த ஆரஞ்சு. வாயை அகலத் திறந்துகொண்டு, தலையை மெல்ல இடமும் வலமும் ஆட்டியது. சத்தமே இல்லை. இங்கே இதற்கு 'மரியா-லெக்கி' என்று பெயர். லெக்கி என்றால் விசிறி.

அழகு என்று சொல்ல வாய் வரவில்லை. பயந்து விரித்த கொண்டை அது. எதிரியை மிரட்டத்தான் அப்படிச் செய்கிறது என்று நினைக்கிறார்கள். இணை சேரும்போதும், சிறகு கோதும்போதும் தானாக விரிப்பதுண்டு. ஆனால் காட்டிலேயே கிடக்கும் அந்த அம்மா அதைப் பார்த்தது மிகக் குறைவாம். இதன் படங்களைத் தேடிப் பார், பாதிப் படங்களில் யாரோ ஒருவரின் விரல்கள் இருக்கும்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனோம். இகரப்பே என்று இங்கே காட்டோடையைச் சொல்கிறார்கள். பழங்குடி மொழியில் 'ஓடம் போகும் வழி' என்று பொருள். தண்ணீருக்கு மேலே ஒரு கொடியில், ஆள் நீளத்துக்கு நார்க் குப்பை தொங்கியது. வெள்ளம் ஒதுக்கிய சருகு என்றுதான் நினைத்தேன். கூடு! நடுவில் பக்கவாட்டில் சின்ன வாசல். கட்டுவதும் அடைகாப்பதும் பெண் மட்டும்தான். ஒரு தட்டானைக் கவ்விக்கொண்டு அது வந்து உட்கார்ந்தது. கொண்டை படிந்தே இருந்தது. அதை அரைமணி நேரம் பார்த்தேன், எனக்கு அது போதும்.

நம் அரசவால் ஈப்பிடிப்பானுக்கு உறவா என்று கேட்பாய். பறந்து பூச்சி பிடிக்கும் வேலைதான் ஒன்று, வம்சம் வேறு. 1776-லேயே ஸ்டாடியஸ் முல்லர் என்ற ஜெர்மன் விலங்கியலாளர் இதற்கு அறிவியல் பெயர் வைத்துவிட்டார். ஆனால் எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது என்பதில் பறவைப் பட்டியல்கள் வெகுகாலம் ஒத்துப்போகவில்லை.

அமேசானில் இது இன்னும் பரவலாக இருக்கிறது. ஆனால் தென்கிழக்கு பிரேசிலிலும், மேற்கு ஈக்வடார், வடமேற்கு பெரு பக்கமும் இருக்கும் இதன் நெருங்கிய சொந்தங்கள் காடு போனதால் அருகிவிட்டன. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரே வேதனை.

அப்புறம், உங்கள் கிணற்றுப் பக்கம் தூக்கணாங்குருவி இந்த வருஷம் கூடு கட்டியதா? சொட்டு மருந்தை மறக்காமல் போட்டுக்கொண்டு, கண் ஓய்ந்த பிறகு எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமு