ஓடைத்தெருவுக்கு மேலிருக்கும் தனியார் அணையை மழைக்கு முன் பழுதுபார்க்கச் செய்யக் கோரும் நான்காவது மனு

அனுப்புநர்
ஓடைத்தெரு குடியிருப்போர் சார்பில்,
ஓய்வுபெற்ற நீதிமன்ற நகல் எழுத்தர்,
பண்ருட்டி வட்டம், கடலூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கடலூர் மாவட்டம்.

நாள்: 25.08.2025

பொருள்: தனியார் தோட்டத்தில் பராமரிப்பின்றிக் கிடக்கும் மண் அணையை, அதன் உரிமையாளரைக் கொண்டு வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் பழுதுபார்க்க உத்தரவிடக் கோருதல் தொடர்பாக.

பார்வை: எங்கள் முந்தைய மனுக்கள், நாள் 12.12.2023, 16.12.2024, 05.05.2025.

ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட மூன்று மனுக்களும் கீழ் அலுவலகங்களில் கொடுக்கப்பட்டவை. மூன்றுக்கும் ரசீது இருக்கிறது, ஒன்றுக்கும் பதில் இல்லை. இரண்டாவது மனு ‘முடித்துவைக்கப்பட்டது’ என்று கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது. என்ன முடிந்தது என்று கேட்க நேரில் போனேன். மனு முடிந்தது என்றார்கள்.

தாங்கள் இந்தப் பகுதியை அறிந்தவர். எங்கள் செம்மண் மேட்டிலிருந்து முந்திரித் தோப்புகளுக்கு நடுவே ஓடைகள் எந்த வேகத்தில் இறங்கும் என்று தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2015 நவம்பர் 9 அன்று பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடை வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனது தங்கள் அலுவலகக் கோப்புகளிலேயே இருக்கும். அங்கே வந்தது வானத்துத் தண்ணீர். எங்கள் தலைக்கு மேல் நிற்பதோ ஒருவர் கட்டி, இன்னொருவர் வாங்கி, மூன்றாமவர் குத்தகைக்கு எடுத்து, நான்காவதாக ஒருவரும் பார்க்காமல் விட்ட தண்ணீர். ஆகவே கீழ்க்கண்டவற்றைப் பணிவுடன் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

1. ஓடையின் குறுக்கே கட்டிய மண்கரை அது. உயரம் சுமார் 22 அடி, நீளம் 900 அடிக்குக் குறையாது. முந்திரிக் கன்றுகளுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதற்காகப் பழைய முதலாளி கட்டினார். அவர் காலத்தில் ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் கரைக்கு மண் போடுவார்கள், மதகுக்குக் கிரீஸ் தடவுவார்கள். அவருக்குப் பின் தோட்டம் கைமாறிவிட்டது. இப்போதைய உரிமையாளர் வெளியூர்க்காரர். அவருக்கு வேண்டியது நிலத்தின் விலை. கரையைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

2. பழுதுகள்:

(அ) மதகின் இரும்புப் பலகை துருப்பிடித்துப் பாதியில் நிற்கிறது. ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. திருகுக் கம்பி வளைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

(ஆ) உபரி நீர் வழிய வேண்டிய கலிங்கின் மேல் மீன் குத்தகைக்காரர் மணல் மூட்டைகளை மூன்று வரிசை அடுக்கி, அதற்கு மேல் நைலான் வலையும் கட்டியிருக்கிறார். மீன் தப்பிவிடக் கூடாதாம். வலையில் குப்பையும் வேலிகாத்தான் முள்ளும் சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன. கலிங்கு வழியாகப் போக முடியாத தண்ணீர் கரையின் மேல்தான் ஏறும். மண்கரை மேல் தண்ணீர் ஏறி வழிந்தால் கரை நிற்காது. இதற்குப் பொறியாளர் சொல்ல வேண்டியதில்லை, வயலில் வரப்பு வெட்டியவர் எவரும் சொல்வார்.

(இ) கரையில் வேப்பமரங்களும் சீமைக்கருவேலமும் வளர்ந்து வேர் உள்ளே இறங்கிவிட்டது. எலி வளையும் நண்டு வளையும் எண்ணி முடியாது.

(ஈ) கரையின் வெளிப்புறத்து அடியில் ஊற்று கசிகிறது. முன்பும் கசிந்தது, அப்போது தண்ணீர் தெளிவாக வந்தது. சென்ற டிசம்பரிலிருந்து கலங்கலாக வருகிறது. தெளிந்த கசிவு நனைக்கும், அவ்வளவுதான். கலங்கல் கசிவு கரையின் மண்ணை உள்ளிருந்தே சிறிது சிறிதாக எடுத்து வருகிறது என்று பொருள். கரைக்குள் குழாய் போல வழி விழுந்துவிட்டால் பிறகு அடைக்க நேரம் கிடைக்காது.

3. மேற்கண்டவை எந்தப் பொறியாளர் வந்தாலும் ஒரு மணி நேரத்தில் எழுதிவிடக் கூடியவை. அவர் எழுத முடியாதது எங்கள் இரவுகளை. ஆகவே அதை நான் எழுதுகிறேன், நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் தெருவில் 64 வீடுகள். மழை பிடித்துவிட்டால் இரவில் யாரும் படுப்பதில்லை. இளைஞர்கள் முறைவைத்து இருவர் இருவராகக் கரையடியில் டார்ச் விளக்கோடு உட்கார்ந்திருப்பார்கள். கசிவு பெருத்தால் ஒருவன் ஓடி வந்து மாரியம்மன் கோயில் மணியை அடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. இதனால் என்ன ஆனது தெரியுமா ஐயா? மழைக்காலம் முழுவதும் அந்தக் கோயிலில் பூசைக்கு மணி அடிப்பதை நிறுத்திவிட்டோம். மணிச் சத்தம் கேட்டால் குழந்தைகள் புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுகின்றன. மார்கழி முப்பது நாளும் அம்மனுக்குச் சத்தமில்லாமல்தான் தீபாராதனை. மாடுகளை இரவில் கட்டுவதில்லை, கயிற்றை அவிழ்த்தே விட்டுவிடுகிறோம். வந்தால் நீந்தட்டும் என்றுதான். ரேஷன் அட்டை, பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் பாலித்தீன் பையில் முடிந்து ஒவ்வொரு வீட்டு விட்டத்திலும் தொங்குகின்றன. பெண் பார்க்க வந்தவர்கள் இது என்ன வேண்டுதல் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

என் தாயாருக்கு வயது 84. பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்துக்கு அவரைக் கட்டிலோடுதான் தூக்கிப்போக வேண்டும். இரும்புக் கட்டில், காலுக்கு ஓர் ஆளாக நான்கு பேர். மேலே தார்ப்பாய். அதற்கும் மேல் தாயார் தம் வலக்கையால் தாமே குடை பிடித்துக்கொள்வார், வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டார். சென்ற பருவத்தில் 14 இரவுகள் தூக்கினோம். ஃபெஞ்சல் புயல் கரையேறிய நவம்பர் 30 இரவு மின்சாரம் இல்லை, பாதையில் முழங்காலளவு தண்ணீர். நடுவழியில் ஒருவர் கால் இடறி, கட்டில் சாய்ந்து, தாயார் சேற்றில் விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் அன்றிலிருந்து மேகம் கறுத்தாலே, ‘தீபாவளிக்குப் பிறகு என்னைப் பொங்கல் வரைக்கும் பள்ளிக்கூடத்திலேயே போட்டுவிடு’ என்கிறார். தலைமையாசிரியை நல்லவர், திண்ணையில் ஒரு மூலையை ஒதுக்கித் தந்தார். அரையாண்டுத் தேர்வின்போது பிள்ளைகள் உள்ளே எழுத, வெளியே தாயாருக்கு நாங்கள் துணி மாற்றினோம். அந்தப் பத்து நாளும் அவர் கண்ணை மூடியபடியே கிடந்தார். தூக்கம் அல்ல ஐயா, கூச்சம்.

கட்டில் தூக்கிய நால்வரில் இருவர் இந்தச் சித்திரையில் வேலை தேடித் திருப்பூர் போய்விட்டார்கள். மற்ற வீடுகளிலும் தூக்கிப்போக வேண்டியவர்கள் இருக்கிறார்கள், இரவல் கேட்க வழியில்லை. இந்த ஆண்டு எங்கள் கட்டிலின் இரண்டு கால்களுக்கு ஆள் இல்லை. மூன்று மனுக்களுக்குப் பிறகும் நான்காவதை எழுத வைத்தது இதுதான்.

4. அலுவலகங்களில் எங்களுக்குச் சொல்லப்படும் ஒரே பதில்: ‘அது தனியார் பட்டா நிலம்.’ ஓர் அலுவலகத்தில் ஏரிகள் தங்கள் பொறுப்பு, ஆனால் இது ஏரி அல்ல என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில் அணைகள் தங்கள் பொறுப்பு, ஆனால் இது பட்டியலில் இல்லை என்றார்கள். பட்டியலில் இல்லை என்பது உண்மைதான். 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீட்டருக்குள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றையும்தான் எடுத்துக்கொள்கிறது. எங்கள் அணை ஏழு மீட்டரைத் தொடாது. ஆனால் என் வீட்டுக் கூரை எட்டு அடி. அந்தச் சட்டத்துக்கு இது சிறிய அணை, எங்களுக்கு அப்படியல்ல.

அந்தச் சட்டம் இல்லை என்றால் சட்டமே இல்லை என்றாகிவிடுமா? நான் 31 ஆண்டுகள் நீதிமன்றத்தில் பிறர் எழுதிய தீர்ப்புகளை நகல் எடுத்துத் தேய்ந்தவன், வழக்கறிஞன் அல்லன். எனக்கே தெரிந்தவற்றைத் தங்களுக்கு நினைவூட்டுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், மன்னிக்கவும். பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவாக இருந்தது. அக்கம்பக்கத்தில் வசிப்போருக்கு ஊறு விளைவிக்கும்படி விழக்கூடிய நிலையில் ஒரு கட்டுமானம் இருந்தால், அதைப் பழுதுபார்க்கவோ அகற்றவோ உரிமையாளருக்கு நிபந்தனை உத்தரவு இடலாம் என்கிறது. அந்த அதிகாரம் மாவட்ட நடுவரான தங்களுக்கும் கோட்ட நடுவருக்கும் உண்டு. உத்தரவு இறுதியான பின்னும் உரிமையாளர் செய்யாவிட்டால் நடுவரே செய்வித்துச் செலவை அவரிடம் வசூலிக்கலாம் என்கிறது 160-ஆம் பிரிவு. ஆபத்து உடனடி என்றால் விசாரணை முடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம், அதற்கு 161 இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவும் ஆபத்தான கட்டுமானங்களை இடிக்கும் அதிகாரத்தை மாவட்ட ஆணையத்துக்குத் தருகிறது. அந்த ஆணையத்தின் தலைவர் தாங்களே. இவற்றில் எங்கே ஐயா ‘பட்டா நிலம் நீங்கலாக’ என்று எழுதியிருக்கிறது?

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். கரை உடைந்து நாங்கள் போனபின் அரசு நிவாரணத் தொகை அறிவிக்கும். அதிகாரிகள் வருவார்கள், மாலை வைப்பார்கள், காசோலை தருவார்கள். அப்போது மட்டும் தனியார் பட்டா குறுக்கே நிற்பதில்லையே. அதே அரசு இப்போது ஒரு நோட்டீஸ் தர ஏன் முடியவில்லை? காசோலையைவிட நோட்டீஸ் மலிவு.

தனியார் நீர்நிலைக்குப் பொறுப்பு உண்டா என்பது புதிய கேள்வியும் அல்ல. கார்வேட்நகர் ஜமீன்தாரின் ஏரிகள் பெருமழையில் உடைந்து சென்னை ரயில்வே கம்பெனியின் பாதையைச் சேதப்படுத்தியபோது வழக்கு இலண்டன் வரை போனது. 1874-இல் அங்கிருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் ஜமீன்தாரை விடுவித்தது. ஏரிகளைப் பராமரிப்பது அவருடைய கடமை, அதில் அவர் அலட்சியம் காட்டவில்லை என்பதே காரணம். எங்கள் மேட்டு முதலாளி எதைச் சொல்லித் தப்புவார்? வளைந்த திருகுக் கம்பியைக் காட்டியா?

5. நிதி இல்லை என்று ஒரு கடைநிலை அலுவலர் சொன்னார். நாங்கள் அரசு நிதி கேட்கவில்லை. உரிமையாளர் செலவில்தான் கேட்கிறோம். தவிர, பணமில்லை என்று கடமையிலிருந்து தப்ப முடியாது என 1980-இல் ரத்லம் நகராட்சி வழக்கில், இதே 133-ஆம் பிரிவின் கீழ், உச்ச நீதிமன்றத்தில் நீதியரசர் வி.ஆர். கிருஷ்ண ஐயர் எழுதிவிட்டார்.

6. சென்ற டிசம்பர் 2-ஆம் நாள் சாத்தனூர் அணையிலிருந்து ஒரு லட்சத்து 68 ஆயிரம் கன அடி வந்து தென்பெண்ணைக் கரை என்ன ஆனது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அங்கே அளவுகோல் இருந்தது, கதவைத் திறக்க ஆள் இருந்தார், எச்சரிக்கை என்று ஒன்று வந்தது. எங்களுக்கு அளவுகோல் ஒரு பனைமரத்தில் அடித்த ஆணி. எச்சரிக்கை கோயில் மணி. திறக்கக் கதவே இல்லை.

ஆகவே ஐயா, தங்களை மன்றாடிக் கேட்பது: முதலாவதாகக் கலிங்கின் மேலுள்ள மணல் மூட்டைகளும் வலையும் இந்த வாரமே அகற்றப்பட வேண்டும். இதற்கு மண்வெட்டியும் நான்கு ஆட்களும் போதும், நாங்களே செய்வோம். செய்யப் போனால் அத்துமீறி நுழைந்ததாகப் புகார் கொடுப்பேன் என்று குத்தகைக்காரர் சொல்வதால்தான் தங்கள் உத்தரவைக் கேட்கிறோம். அடுத்து, நீர்வளத்துறைப் பொறியாளர் ஒருவர் கரையை நேரில் பார்த்து அறிக்கை தர வேண்டும். அதன்பேரில் மதகைச் சீராக்கவும், மரங்களை அகற்றி வேர்க்குழிகளைக் கெட்டிப்படுத்தவும், கசிவைக் கட்டுப்படுத்தவும் உரிமையாளருக்கு நாள் குறித்து உத்தரவிட வேண்டும். அந்த நாள் ஐப்பசி பிறப்பதற்கு முன்பாக இருக்க வேண்டும். தை மாதத்துக்கு நாள் குறிப்பதாக இருந்தால் தயவுசெய்து உத்தரவே வேண்டாம். பழுதுபார்க்க முடியாது என்று உரிமையாளர் கைவிரித்தால், தண்ணீரை வடியவிட்டுக் கரையை முறைப்படி வெட்டிவிடுங்கள். எங்களுக்கு அந்தத் தண்ணீரும் வேண்டாம், மீனும் வேண்டாம்.

மீண்டும் கேட்கிறேன், மழைக்கு முன்.

இப்படிக்கு,
ஓடைத்தெரு குடியிருப்போர் சார்பில்,
ஓய்வுபெற்ற நகல் எழுத்தர்
(61 குடும்பங்களின் கையொப்பம் தனித்தாளில். மூன்று வீட்டார் தோட்டத்தில் கூலி வேலை பார்ப்பதால் கையொப்பமிட அஞ்சினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.)

இணைப்பு: முந்தைய மனுக்களின் ரசீதுகள், புகைப்படங்கள் ஒன்பது, தண்ணீர் பாட்டில்கள் இரண்டு.

குறிப்பு: பாட்டில்களில் இருப்பது கரையடியில் கசிந்த நீர். ஒன்று 2023 நவம்பரில் பிடித்தது, மற்றது சென்ற டிசம்பரில் பிடித்தது. ஆட்டாமல் ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தால் இரண்டாவதின் அடியில் சுண்டுவிரல் கனத்துக்குச் செம்மண் படிவது தெரியும். மனுநாளில் மண்ணெண்ணெய்க்கு அஞ்சி நுழைவாயிலிலேயே பாட்டில்களை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். காவலர்கள் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, தங்கள் மேசை வரைக்கும் வர அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.