கஷ்டகாலச் சாமானா சைக்கிள்?

ஆசிரியருக்கு,

யாழ்ப்பாணத்துச் சைக்கிளைப் பற்றி யார் எழுதினாலும் கதை தொண்ணூறுகளில்தான் தொடங்குகிறது. 1990 ஜூனில் சண்டை மீண்டும் மூண்டது, பொருளாதாரத் தடை வந்தது, பெற்றோல் இல்லாமற் போனது, சனம் சைக்கிளில் ஏறியது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டது கட்டாயம் வரும். 1995 இடப்பெயர்வில் மூட்டை முடிச்சுகளோடு நாவற்குழிப் பாலத்தால் சைக்கிள் உருட்டியதும் வரும். எல்லாம் உண்மைதான். நானும் உருட்டியவன்தான். ஆனால் இதையே திரும்பத் திரும்பச் சொல்லி, சைக்கிள் என்றால் கஷ்டகாலச் சாமான், நிலைமை சீரானதும் கொட்டிலுக்குள் போடவேண்டியது என்ற எண்ணத்தை நாங்களே வளர்த்துவிட்டோம் என்று எனக்குப் படுகிறது.

2022 இல் அப்படித்தான் நடந்தது. ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியது. கையில் காசு இருந்தவருக்கும் பெற்றோல் இல்லை. அந்தக் கிழமையே, அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்துவிட்டார்கள். பிறகு கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பங்கீட்டில் எரிபொருள் எடுக்கும் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். காங்கேசன்துறை வீதியில் காலையில் பழையபடி சைக்கிள்கள் நிரம்பின. தூசு தட்டி எடுத்த பழைய லுமாலா சைக்கிள்களுக்குத் திருத்தகங்களில் வரிசை. 2023 செப்ரெம்பரில் கியூஆர் முறையும் நின்றது, சைக்கிள்களும் ஒவ்வொன்றாகக் கொட்டிலுக்குத் திரும்பின. என்னுடையது திரும்பவில்லை.

இதில் கொள்கை, இலட்சியம் என்று எதுவும் இல்லை. எனக்கு அது வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான். இனுவிலில் இருந்து யாழ். நகரத்துக்கு ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர். அவசரப்படாமல் மிதித்தாலும் அரை மணித்தியாலத்தில் போய்விடலாம். மினிபஸ்ஸுக்குக் காத்து நின்று, ஏறி, அது சந்திக்குச் சந்தி ஆள் கூப்பிட்டு ஊர்ந்து போய்ச் சேரவும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். குடாநாட்டைப் போலத் தட்டையான நிலம் சைக்கிளுக்கு வேறெங்கே கிடைக்கும்? கண்டியில் இருக்கும் என் மைத்துனர் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுகிறார்.

எங்களுக்கு மேடு இல்லை, காற்றுத்தான் மேடு. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் காலையில் தெற்கே நகரத்துக்குப் போவது எதிர்க்காற்றில். கோண்டாவில் தாண்டுமுன்பே தொடை சொல்லத் தொடங்கிவிடும். அதே காற்று பின்னேரம் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடும். மார்கழியில் வடக்கிலிருந்து வரும் வாடைக்கு எல்லாம் மறுதலை. ஆனி, ஆடியில் பத்து நிமிடம் முந்திப் புறப்பட வேண்டும் என்று பழகிவிட்டது. மரக்கறி, அரிசி, மண்ணெண்ணெய்க் கான் எல்லாம் கரியரில்தான் வருகின்றன. காஸ் சிலிண்டர் மட்டும் முச்சக்கரவண்டியில். அதற்கு மனைவியின் தடையுத்தரவு இருக்கிறது.

சரி, இவ்வளவு வசதி என்றால் ஏன் மற்றவர்கள் விட்டார்கள்? ஒரு காரணம் கௌரவம். யுத்தம் முடிந்தபின் லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுக்காத வீடு எங்கள் ஒழுங்கையில் குறைவு. சைக்கிளில் வருபவனைப் பார்த்து, “என்ன, மோட்டார் சைக்கிள் பழுதோ?” என்று கேட்பது சம்பிரதாயமாகிவிட்டது. எனக்கு அதைவிடக் கோபம் தருவது அலுவலகங்கள். நான் வேலை செய்யும் இடத்தில் மோட்டார் சைக்கிளுக்குத் தகரக் கூரை போட்ட தரிப்பிடம் உண்டு. சைக்கிளை அங்கே விடக்கூடாதாம். பின்மதிலோடு சாத்த வேண்டும். வெயிலில் ரயர் வெடித்துப் பிளக்கிறது, மழையில் செயின் கறள் பிடிக்கிறது. எழுத்தில் கேட்டுப் பார்த்தேன். சைக்கிளில் வருபவர்கள் குறைவு என்று பதில் வந்தது. இடம் கொடுக்காமல் எப்படிக் கூடும்?

சைக்கிள் விட இடம் ஒழுங்கு செய்யத் தெரியாத ஊரா இது? நல்லூர்த் திருவிழா நடக்கும் இருபத்தைந்து நாளும் கோவிலைச் சுற்றியுள்ள வீட்டு வளவுகளில் சைக்கிள் பாதுகாப்பு நிலையம் முளைக்கிறது. துண்டுச்சீட்டின் ஒரு பாதியை ஹாண்டிலில் மாட்டி, மறுபாதியைக் கையில் தந்து, திரும்பி வரும்போது பிழையில்லாமல் எடுத்துத் தருகிறார்கள். மற்ற நாட்களில் பஸ் நிலையத்திலும் ஆஸ்பத்திரி வாசலிலும் ஒரு கூரையும் நாலு இரும்புக் கம்பியும் போட முடியாதா?

அடுத்தது வீதி. காப்பெற் தார் போட்டபின் வாகனங்கள் பறக்கின்றன. வழவழப்பான தார் முடியும் இடத்தில் விளிம்பு கீழே இறங்கிக் கிரவலாகிறது, அதற்கப்பால் மூடாத வாய்க்கால். பின்னால் மினிபஸ் ஹோர்ன் அடித்தால் அந்த விளிம்பில் இறங்குவதைத் தவிர வழியில்லை. ஐப்பசிக்குப் பிறகு வெள்ளம் நிற்கும்போது வாய்க்கால் எது, வீதி எது என்றும் தெரியாது. வெள்ளைச் சீருடையோடு பள்ளிக்கூடப் பிள்ளைகள் போவதும் இந்த விளிம்பால்தான். அகலமான வீதி கேட்கவில்லை. இருக்கும் விளிம்பைச் சமமாக்கி வாய்க்காலுக்கு மூடி போட்டாலே போதும்.

சைக்கிள்காரர் பக்கமும் குறை உண்டு. டைனமோ போனது, அதோடு லைட்டும் போனது. இருட்டிய பிறகு பத்தில் எட்டுப்பேர் வெளிச்சமில்லாமல் வருகிறார்கள். மட்காட்டில் ஒரு சிவப்பு ஒளித்தெறிப்பான்கூட இல்லை. மூன்றுபேர் சமாந்தரமாகக் கதைத்துக்கொண்டு போவதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடைசியாக ஒரு விசாரணை. 28 அங்குல ரயர் இப்போது வருவது ஒரு மாரிக்குக்கூடத் தாங்குவதில்லை. பழையபடி தடித்த றப்பரில் எங்காவது கிடைத்தால், அறிந்த வாசகர்கள் இந்தப் பகுதிக்கே எழுதினால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
இனுவில்.