ரோமானிய நாணயங்களின் மறுபக்கத்தையும் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விலங்குகளும் கற்பனை உயிரினங்களும் பொறித்த பண்டைய ரோமானிய நாணயங்களைச் சேகரிப்பது குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். படங்கள் தெளிவாக இருந்தன. ஆயினும், விலங்கு உள்ள பக்கத்தை மட்டும் அச்சிட்டு, அவற்றை ரோமானியச் சிற்பிகளின் ரசனைக்குச் சான்றாக மட்டுமே விளக்கியிருந்தது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்நாணயங்களில் விலங்கு வெறும் அலங்காரமாக வந்தது அரிது. நாணயத்தை வெளியிட்டவர் மக்களிடமோ தெய்வத்திடமோ சொல்ல விரும்பிய ஒன்றை அது சொல்கிறது. அதைப் புரிந்துகொள்ளச் சுற்றியுள்ள எழுத்துகளும் வேண்டும், மறுபக்கமும் வேண்டும்.

கட்டுரையில் முதலில் இடம்பெற்ற ஜூலியஸ் சீசரின் யானையையே எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ கி.மு. 49-இல், உள்நாட்டுப் போர் மூண்ட வேளையில் வெளிவந்த தெனாரியஸ் வெள்ளிக்காசு அது. யானை ஒரு பாம்பை மிதிக்கிறது (அது பாம்பன்று, இன்றைய பிரான்ஸ் பகுதியில் வாழ்ந்த காலியர்களின் போர் ஊதுகொம்பு என்று வாதிடுவோரும் உண்டு). கீழே சீசரின் பெயர். மறுபக்கத்தில் இருப்பவை தலைமைக் குருவுக்குரிய சடங்குக் கருவிகள். கி.மு. 63 முதல் அப்பதவியில் இருந்த சீசர், செனட் சபையை எதிர்த்துப் படை நடத்தும்போதும் தம் சமயப் பதவியை நினைவூட்டுகிறார். யானையை மட்டும் பார்ப்பவருக்கு அந்தத் துணிச்சல் புலப்படாது.

முதல் ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் தம் வெள்ளிக்காசுகளில் ஆட்டுத் தலையும் மீன் வாலும் கொண்ட மகர ராசிச் சின்னத்தைப் பொறித்ததற்கு அவருடைய ஜாதகமே காரணம் என்று வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். செப்டம்பரில் பிறந்தவருக்கு மகரம் எப்படி வந்தது என்ற கேள்விக்கு, அவர் பிறந்தபோது சந்திரன் மகரத்தில் இருந்தது என்பது ஒரு விளக்கம். தெற்கு பிரான்சின் நீம் நகரில் அடிக்கப்பட்ட காசில், பனை மரத்தில் சங்கிலியால் கட்டிய முதலையாக, அவர் வென்ற எகிப்து நிற்கிறது. மறுபக்கத்தில் அகஸ்டஸும் அவருடைய தளபதி அக்ரிப்பாவும் முதுகோடு முதுகாக இருக்கின்றனர். சில்லறைத் தேவைக்காக இக்காசை இரண்டாக வெட்டியும் பயன்படுத்தினார்கள். அரை முதலையும் ஒற்றைத் தலையுமாகக் கிடைக்கும் அத்தகைய துண்டுகளை உடைசல் என்று ஒதுக்குபவர்கள், அக்காசு கடைவீதியில் புழங்கியதற்கான நேரடிச் சாட்சியையே ஒதுக்குகிறார்கள்.

கட்டுரை ஒரே வரியில் கடந்துபோன, பேரரசர் கல்லியேனஸின் விலங்குக் காசு வரிசைதான், என் பார்வையில், இத்துறையின் உச்சம். இப்பேரரசரின் தந்தை வலேரியன் கி.பி. 260-இல் பாரசீகரிடம் சிறைப்பட்டார்; மேற்கே காலியா பிரிந்து தனி ஆட்சியானது; 268-இல் மிலான் முற்றுகையின்போது கல்லியேனஸ் தம் அதிகாரிகளாலேயே கொல்லப்பட்டார். அதற்குச் சற்று முன், 267, 268 ஆண்டுகளில், வெள்ளி மிகச் சொற்பமாகிவிட்ட, அந்தோனினியானஸ் எனப்படும் அக்காலக் காசுகளில் ரோம் நாணயச்சாலை ஒரு விலங்குக் கூட்டத்தையே வெளியிட்டது. வேட்டைத் தெய்வமான தியானாவுக்கு மானும் மறிமானும் (ஆன்டிலோப்), அப்போலோவுக்குக் கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபினும் குதிரை உடல் மனிதனான சென்டாரும், சூரியனுக்குச் சிறகுக் குதிரை, மதுத் தெய்வமான லிபெருக்குச் சிறுத்தை. சுற்றிலும் ‘பேரரசரைக் காக்கும் தியானாவுக்கு’, ‘பேரரசரைக் காக்கும் அப்போலோவுக்கு’ என்ற வாசகங்கள். நாற்புறமும் நெருக்கடி சூழ்ந்த ஒருவர் தெய்வங்களை ஒவ்வொன்றாக அழைக்கும் வேண்டுதல் அது. இதை ‘கல்லியேனஸின் மிருகக்காட்சிச்சாலை’ என்று சேகரிப்பாளர்கள் செல்லமாக அழைப்பது எனக்கு ஒருபோதும் பொருத்தமாகத் தோன்றியதில்லை.

விலங்கின் காலடியிலோ பக்கத்திலோ உள்ள சிறு எழுத்து, நாணயச்சாலையின் எந்தப் பட்டறையில் காசு அடிக்கப்பட்டது என்பதைக் காட்டுகிறது. கிரிஃபினுக்கு அடியில் இருக்கும் கிரேக்க ‘டெல்டா’ நான்காம் பட்டறையைக் குறிக்கும். தேய்ந்த காசில் கொம்பு மங்கி, மானா மறிமானா என்று தெரியாமல் போகும்போது இந்த எழுத்தே துணை நிற்கிறது. பளபளப்புக்காகக் காசை அமிலத்தில் ஊறவைப்பவர்கள் எஞ்சிய மெல்லிய வெள்ளிப் பூச்சோடு அந்த எழுத்தையும் இழக்க நேரிடும். புதிதாகத் தொடங்குவோருக்குச் சுத்தம் செய்யும் வழிகளைப் பரிந்துரைத்த கட்டுரை, இதைச் சொல்லாமல் விட்டது பெரிய குறை.

இன்னொன்றும் விடுபட்டுள்ளது. 1978-இல் இங்கிலாந்தில் வெளிப்பட்ட குனேசியோ புதையலில் ஏறத்தாழ 55,000 ரோமானியக் காசுகள் இருந்தன. அது முழுமையாகப் பதிவு செய்யப்பட்டதால்தான் கல்லியேனஸ் காசுகளை அடையாளம் காண அதன் பட்டியல் எண்கள் இன்றும் பயன்படுகின்றன. இரவோடு இரவாகத் தோண்டிச் சிதறடிக்கப்படும் புதையலிலிருந்து இத்தகைய அறிவு எதுவும் மிஞ்சாது. சீசரின் யானை போன்று பலரும் விரும்பும் காசுகளுக்கு வார்ப்புப் போலிகளும் மிகுதி. விளிம்பில் ஒட்டுக்கோடும் பரப்பில் நுண்குழிகளும் தெரிந்தால் ஐயப்பட வேண்டும். எனவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, இக்காசு முன்பு எந்த ஏலத்தில், எவருடைய சேகரிப்பில் இருந்தது என்பதற்கான எழுத்துச் சான்றையே. விலையை அதன்பின் பேசலாம்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்