பீரோ சாவியும் பள்ளி நிர்வாகமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குடியாத்தம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடைசி ஆண்டுகளில் இரண்டு தலைமை ஆசிரியர்களைப் பார்த்தேன். முதலாமவர் சாக்பீஸ் பெட்டியைக்கூட பீரோவில் பூட்டி வைப்பார். கால அட்டவணை சுவரில் ஒட்டிய பிறகுதான் எங்களுக்கே தெரியும். ஆசிரியர் அறையில் எப்போதும் மாறுதல் கலந்தாய்வு பற்றிய பேச்சுதான்.

அடுத்து வந்த அம்மா, கால அட்டவணையை எங்களிடமே விட்டார். பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்பு, எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவு, பெற்றோர் கூட்டம் என ஆளுக்கொரு பொறுப்பு. வேலை கூடியது, உண்மைதான். ஆனால் பிள்ளைகள் வாக்கியக் கணக்கில் திணறுவது வாசிப்புக் குறையால்தான் என்று தமிழாசிரியரும் நானும் உட்கார்ந்து பேசியது அப்போதுதான். அந்த இரண்டாண்டில் ஒருவரும் மாறுதல் கேட்கவில்லை.

2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கைப் பெற்றோருக்குத் தந்திருக்கிறது. ஆசிரியர் கூட்டத்தில் மட்டும் ஏன் கையெழுத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்? எமிஸ் வேலையை இளையவர் தலையில் கட்டுவதைப் 'பொறுப்புப் பகிர்வு' என்பவர்களும் உண்டு. நான் சொல்வது அதை அல்ல. மாதம் ஒருமுறை ஆசிரியர்களைக் கலந்தே முடிவெடுக்க வேண்டும் என மாவட்டக் கல்வி அலுவலகம் அறிவுறுத்தலாம்.

- ஓய்வுபெற்ற ஆசிரியர், வேலூர் மாவட்டம்