மண்டலா ஓவியக் குழு, சேலம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொருளாளர் அவர்களுக்கும் வருகை தந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பப்படும். அவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது. ஆயுத பூஜைக்குக் காம்பஸுக்கும் பேனாவுக்கும் பொட்டு வைத்தோம். மே மாதம் ஏற்காடு கோடை விழா மலர்க்கண்காட்சிக்குப் போய் வந்தோம்.

இனி வாரச் சவால், அதாவது வாரம் ஒரு மண்டலா: வட்டத்தைச் சம பங்காகப் பிரித்து, பங்குதோறும் ஒரே இதழைத் திரும்ப வரையும் படம். 52 வாரங்களில் 47 வாரம் நடந்தது. பொங்கல், கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா, தீபாவளி, பள்ளித் தேர்வுக் காலம் என ஐந்து வாரம் விடுபட்டது. ஞாயிறு மாலை அறிவிப்பு வரும். சனி இரவுக்குள் படம் அனுப்ப வேண்டும். அறிவிப்பில் மூன்றே விஷயம் இருக்கும்: வட்டத்தை எத்தனை பங்கிடுவது, எந்த இதழ், என்ன கட்டுப்பாடு.

முதல் நான்கு வாரம் பேனாவைத் தொடவிடாமல் பென்சில் கட்டம் (வட்டமும் பங்குக் கோடுகளும்) மட்டும் போடச் சொன்னேன். "பூப் போட வந்தோமா, கணக்குப் போட வந்தோமா" என்று பொதுக்குழுவிலேயே கேட்டார்கள். அதற்கு இங்கே பதில் சொல்லியாக வேண்டும். ஏ4 தாளில் 9 செ.மீ. ஆரத்துக்கு வட்டம் போடுகிறோம். அதில் 1 டிகிரி தவறினால் விளிம்பில் ஒன்றரை மில்லிமீட்டர் விலகும். 16 பங்குக்குக் கோணமானியை ஒவ்வொரு கோட்டுக்கும் நகர்த்தி வைத்து, தடவைக்கு அரை டிகிரி கூடிக்கொண்டே போனால், 15 நகர்த்தலில் ஏழரை டிகிரி சேர்ந்துவிடும். 22.5 டிகிரி இருக்க வேண்டிய கடைசிப் பங்கு 15 டிகிரியாகச் சுருங்கிப்போகும். அந்த ஒரு இதழ் மட்டும் ஒல்லியாக நிற்கும். எவ்வளவு அழகாக நிரப்பினாலும் கண் நேராக அங்கேதான் போகும். பேனா எடுத்தபின் இதைத் திருத்த வழியே இல்லை.

ஆகவே கோணமானியை ஒருமுறை வைத்தால் எல்லாப் புள்ளியையும் குறித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். 16 பங்குக்கு மையம் வழியாக எட்டே கோடு போதும். 12 பங்குக்குக் கோணமானியே வேண்டாம். செங்குத்தாக வெட்டும் இரண்டு விட்டம் போட்டு, வட்டம் போட்ட அதே அளவில் காம்பஸை வைத்துக்கொண்டு, விட்டங்களின் நான்கு முனையிலிருந்தும் இரு பக்கமும் வெட்டினால் மீதி எட்டுப் புள்ளியும் கிடைத்துவிடும். 7 பங்குதான் பலரைக் குழப்பியது. 360ஐ 7ஆல் வகுத்தால் மிச்சம் நிற்காமல் போகாது. 9 செ.மீ. ஆரத்துக்கு டிவைடரை 7.8 செ.மீ. விரித்து விளிம்பில் ஏழு முறை எடுத்து வைத்தால், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும். ஆரம் மாறினால் ஆரத்தை 0.868ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.

காம்பஸ் பற்றியும் சொல்ல வேண்டும். அனுப்பிய படங்களில் பாதிக்கு மேல் பழுது தொடங்குவது மையத்தில். ஆறேழு வளையம் போடுவதற்குள் ஊசி குத்திய துளை விரிந்துவிடுகிறது, ஊசி ஆடுகிறது, வளையத்தின் இரு நுனியும் சேராமல் போகிறது. தாளின் பின்பக்கம் மையத்தில் சின்னத் துண்டு செல்லோடேப் ஒட்டினால் துளை விரியாது. சுற்றும்போது காம்பஸின் தலையைப் பிடிக்க வேண்டும். காலைப் பிடித்தால் ஆரம் மாறும். திருகு தளர்ந்த ஜாமெட்ரி பாக்ஸ் காம்பஸை முடுக்காமல் எடுக்கவே கூடாது. பென்சில் எச்பி போதும். அதைவிடக் கடினமான 2எச் பென்சிலின் கோடு மெல்லியதாக வருகிறதே என்று அழுத்தினால் தாளில் பள்ளம் விழும். அழித்தபின்னும் அந்தப் பள்ளத்தில் மை இறங்கிக் கோடு காட்டிக்கொடுக்கும்.

பேனா வாரங்களில் ஒரே விதியைத்தான் திரும்பத் திரும்ப எழுதினேன். ஒரு இதழை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. இதழின் இடது வளைவை 16 பங்கிலும் போட்டுவிட்டு, பிறகு வலது வளைவு, பிறகு நடு நரம்பு. தாளைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும்; கையைத் திருப்பக் கூடாது. ஒவ்வொன்றாக முடித்தால் கை பழகப் பழக வளைவு மாறி, முதல் இதழும் பதினாறாவதும் வேறு வேறு பூவாகிவிடும். புள்ளி வளையத்துக்கும் கணக்கு உண்டு. 5 செ.மீ. ஆர வளையத்தின் சுற்றளவு ஏறக்குறைய 31.4 செ.மீ. இரண்டு மி.மீ.க்கு ஒன்று என்று வைத்துக்கொண்டே போனால் 157 வரும்; அது 16ஆல் வகுபடாது, கடைசியில் நெருக்கியோ விட்டோ சமாளிக்க நேரும். பங்குக்குப் பத்து என்று முதலிலேயே முடிவுசெய்தால் 160, எங்கும் பிசகாது. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசில் முத்துகள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும்.

ஏற்காட்டில் பார்த்த டேலியா பூவை அடுத்த வாரமே சவாலாக வைத்தோம். இரண்டாவது அடுக்கு இதழ்களை முதல் அடுக்கின் இடைவெளியில் வைக்க வேண்டும். 16 பங்கென்றால் 11.25 டிகிரி தள்ளி. அதைச் செய்யாமல் இதழ்மேல் இதழாக அடுக்கியவர்களின் படம் பூவாக வரவில்லை, சக்கரமாக வந்தது. மலையில் உட்கார்ந்து வரைந்தவர்களுக்கு மழைமேக ஈரத்தில் தாள் ஊறி மை பரவியது. தாளைப் பிளாஸ்டிக் உறையில் வைத்து, வரையும்போது மட்டும் எடுப்பது நல்லது. கீழே சேலத்து வெயிலில் உள்ளங்கை வியர்வைதான் எதிரி. கைக்கடியில் ஒரு வெள்ளைத் தாள் போதும். ஜெல் பேனாவென்றால் நன்றாக உலர்ந்தபின்தான் ரப்பர் வைக்க வேண்டும்.

இத்தனையும் எழுதி அனுப்பியும், வாரம் தவறாமல் வரைந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். மற்றவர்கள் அடுத்தவர் படத்துக்குக் கட்டைவிரல் போடுவதோடு நிறுத்திக்கொண்டார்கள். பாராட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இது வரைவதற்காகத் தொடங்கிய குழு. ஒருவர் வேறெங்கோ இருந்து எடுத்த படத்தைத் தன்னுடையது என்று அனுப்பினார். பெயர் சொல்லவில்லை, இனி பென்சில் கட்டத்தின் படமும் சேர்த்து அனுப்பினால்தான் கணக்கில் வரும். படமெடுக்கும்போது செல்போனைத் தாளுக்கு நேர் மேலே, சாயாமல் பிடிக்க வேண்டும். சாய்த்தால் நல்ல வட்டமும் முட்டையாகத் தெரியும். போட்டவரின் உழைப்பு வீண்.

வரவு செலவைப் பொருளாளர் எழுதி வைத்திருக்கிறார். விரும்புபவர்கள் நோட்டைப் பார்க்கலாம். அரங்க வாடகை, தேநீர், 200 ஜி.எஸ்.எம். டிராயிங் தாள், கட்டத்துக்கு ஜெராக்ஸ் என்று செலவு போக, கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சந்தா செலுத்தாதவர்கள் பாதிக்கு மேல். அவர்களில் பலர் குழுவின் தாளைத்தான் வாங்கிக்கொண்டு போனார்கள் என்பதை வருத்தத்தோடு பதிவுசெய்கிறேன். ஆண்டின் கடைசி மூன்று மாதத் தாளுக்குக் குழுப் பணம் இல்லை. எப்படி வந்தது என்பது செயற்குழுவுக்குத் தெரியும்.

இடம் ஏற்பாடு செய்து தந்த தலைவர் அவர்களுக்கும், கணக்கைக் காத்த பொருளாளர் அவர்களுக்கும், தேநீர் போட்டுத் தந்த சகோதரிகளுக்கும், ஏற்காட்டுக்கு வேன் ஏற்பாடு செய்த அண்ணனுக்கும் நன்றி.

வரும் ஆண்டு வாரச் சவாலை வேறொருவர் ஏற்றுக்கொண்டால் 47 வார அறிவிப்புகளையும் கட்டத் தாள்களையும் அப்படியே ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். யாரும் முன்வராவிட்டால் நானே தொடர்கிறேன். ஆனால் சந்தா வந்து சேர்ந்தபின்தான் தாள் வாங்க முடியும். பொருளாளர் இன்று கூட்டம் முடியும்வரை வாசலருகே மேசையில் இருப்பார். வரும் ஞாயிறு அறிவிக்கும் முதல் சவால்: 12 பங்கு, மாவிலை இதழ், கோணமானி கூடாது.

செயலாளர்